ரசமட்டமும் சகலையின் லென்ஸும்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. ஆனால் தொழிலில் இருக்கும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றால்தான் தெரியும். சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே ஒரு குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய், அதேதான். கட்டடங்களைப் படம் எடுப்பது அவர் பிழைப்பு. குமிழி நடுவில் வந்து நிற்காமல் அவர் விரல் ஷட்டர் பக்கம் போகாது. சட்டைப்பையில் எப்போதும் சின்ன ரசமட்டம் ஒன்று இருக்கும். ஓட்டலுக்குப் போனால் காபி வருவதற்குள் அதை மேஜைமேல் வைத்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு ஹாலில் கடிகாரம் சாய்ந்திருக்கிறது என்று பேச்சின் நடுவே எழுந்து போய் அதை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர். மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாமனார் வீட்டு ஹாலில்தான் அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

சோபாவுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் அவர் எடுத்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் படம் பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் "யாரு எடுத்தது?" என்று கேட்பார்கள். மாமனார் "நம்ம பெரிய மாப்பிள்ளை" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் கோபுரத்தைக் காணோம். அந்த ஆணியில் ஒரு மாடிப்படியின் படம் தொங்கியது. யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. மனைவியின் தங்கை கணவர், அதாவது அவருடைய சகலை, சோபாவில் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கை கழுவப் போனபோது கோபுரம் கிடைத்தது. குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், வாஷிங் மெஷினுக்கு மேலே.

சாப்பாடு இறங்கவில்லை. படம் போன துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். சகலையின் மாடிப்படியை மாமனார் கோணலாக மாட்டியிருந்தார். வலது மூலை கொஞ்சம் இறங்கியிருந்தது. ரசமட்டம் தலையைக் குனிந்து சாப்பிட்டுப் பார்த்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்தும் பார்த்தார். முதுகுக்கும் அது தெரிந்தது. கடைசியில் பாதியில் எழுந்து போய் எதிரியின் படத்தைத் தன் கையாலேயே நேராக்கி, சட்டத்தில் இருந்த தூசியையும் துடைத்துவிட்டு வந்தார்.

"மாப்பிள்ளை வந்தாதான் இந்த வீட்டுல எல்லாம் ஒழுங்கா இருக்கும்" என்றார் மாமனார். பிறகு சின்ன மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "நீ இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா" என்றார். கவனியுங்கள். இவர் வெறும் 'மாப்பிள்ளை', அவர் 'அப்பா'. இத்தனை வருஷம் நேராக்கிக் கொடுத்தும் இவரை ஒரு தடவை 'வாப்பா' என்று கூப்பிட்டதில்லை.

சின்னவர் இந்தத் தொழிலுக்குப் பிறந்தவரும் இல்லை, வளர்ந்தவரும் இல்லை. டைல்ஸ் கடையில் விற்பனையில் இருந்தவர். ஒருநாள், "அண்ணே, கட்டடம் எடுக்கறதுக்கு எந்த கேமரா நல்லது?" என்று கேட்டார். இவரும் தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையில் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தார். சகலை போய் அதே கேமராவை வாங்கிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது என்பது இதுதான்.

அந்தக் கேமராவைப் பார்த்தால் கேமரா என்றே பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண் வைத்துப் பார்க்க இடம் கிடையாது. தானாக எதையும் செய்யாது. நடுவில் தட்டையான ஓர் உலோகச் சட்டம், முன்னால் லென்ஸ், பின்னால் படம் பதிகிற டிஜிட்டல் பெட்டி, சுற்றிலும் திருகுகள். டெக்னிக்கல் கேமரா என்பார்கள். திருகினால் பின்பெட்டி மேலும் கீழும், இடமும் வலமும் நகரும். கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமலே கட்டடத்தின் உச்சியைப் படத்துக்குள் கொண்டுவந்துவிடலாம், சுவர்கள் உள்பக்கம் சாயாது. ஒவ்வொரு லென்ஸுக்கும் அதன் கழுத்திலேயே இன்னொரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் லென்ஸ் லேசாகப் பக்கவாட்டில் பார்க்கும். நம்மை விட்டு நீண்டு போகிற ஒரு சுவர் இந்த முனை முதல் அந்த முனை வரை தெளிவாக வர வேண்டுமென்றால் அந்தக் கழுத்துத் திருகு வேண்டும். மற்ற நேரமெல்லாம் அது பூஜ்யத்தில் இருக்க வேண்டும்.

கட்டடத்துக்குள்ளே எடுக்க அகல லென்ஸ் எல்லாரிடமும் இருக்கும். எதிர்த் தெருவிலிருந்தோ பக்கத்து மொட்டைமாடியிலிருந்தோ முகப்பை மட்டும் எடுப்பதற்கு மீடியம் டெலி லென்ஸ்தான் சரி. ரொம்பத் தூரத்தை இழுக்காது, மூக்கில் வந்து முட்டாது. கட்டடத்தை அதன் அளவிலேயே காட்டும். ரசமட்டம் பெயர் வாங்கியதெல்லாம் அப்படி ஒரு பழைய லென்ஸில்தான். சின்னவர் வைத்திருந்தது அதே வகையில் புதிதாக வந்தது.

இந்த வயிற்றெரிச்சலுக்கு மேலே அடுத்த வாரம் எண்ணெய் விழுந்தது. ஓர் ஆர்க்கிடெக்ட் மேடம் உண்டு. முதல் முதலாகக் கட்டிய சின்னக் கடையிலிருந்து தான் கட்டிய எல்லாவற்றையும் ரசமட்டத்தை வைத்தே படம் எடுத்தவர். இப்போது ஒரு ரயில் நிலையம் கட்டி முடித்திருக்கிறார். அட்டையில் செய்த வெள்ளைக் கட்டடங்கள் நிறைந்த தன் அறைக்கு அவரைக் கூப்பிட்டு, பெரிய திரையில் இவர் படத்தையும் சகலையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க படத்துல எல்லாமே சரியா இருக்கு. ஆனா கொஞ்ச நாளா கண்ணு நிக்க மாட்டேங்குது, வழுக்கிட்டுப் போயிடுது. உங்க சகலை படத்துல நிக்குது. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

ரசமட்டம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், தன் படத்தின் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார்.

"ஸ்டேஷன் புத்தகமா வரப்போகுது. ஒருத்தர்தான் பண்ண முடியும்" என்றார் மேடம். "ஆளுக்கு ஒரு படம் கொடுங்க. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாடியிலேர்ந்து முகப்பு மட்டும். வாரக் கடைசிக்குள்ள வந்தாப் போதும். பாத்து முடிவு பண்றேன்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "லென்ஸ்தான்" என்றார் ரசமட்டம்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறவர். நாள் முழுக்க மற்றவர்களின் உள்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, யாரைப் பற்றியும் பெரிய மயக்கம் இல்லாதவர். "என்ன லென்ஸ்?" என்றார்.

"அவன் வச்சிருக்கறது. புதுசு. அதான் எல்லாரும் அவனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறாங்க." நேரில் 'நீங்க வாங்க', முதுகுக்குப் பின்னால் 'அவன் இவன்'. அதில் அவர் தவறியதே இல்லை.

"உங்க வயித்தை ஒரு ஸ்கேன் எடுக்கணும்" என்றார் மனைவி. "வெறும் புகையா தெரியும்."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? இல்லை. தங்கைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறுநாள் சாயங்காலம் சின்னவர் ஒரு கறுப்புப் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"அக்கா சொன்னாங்கண்ணே, உங்களுக்கு இந்த லென்ஸைப் பாக்கணும்னு."

"நான் எங்க சொன்னேன்? வாங்க சகலை, உள்ள வாங்க."

"வச்சுக்கோங்க. உங்க லென்ஸோட ஒப்பிட்டு நல்லா பாருங்க. அவசரமே இல்ல."

"ஸ்டேஷன் எடுக்கணுமே, உங்களுக்கு வேணாமா?"

"அதை எப்படியாவது பாத்துக்கறேன்."

பெருந்தன்மை காட்டுகிறானாம் பெருந்தன்மை, என்று ரசமட்டம் உள்ளுக்குள் பல்லைக் கடித்தார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சின்னவர் காபி குடித்துக்கொண்டே மேஜைமேல் இருந்த பழைய லென்ஸைக் கையில் எடுத்தார். அதன் கழுத்துத் திருகைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அந்த டேப்பை விரலால் ஒருமுறை தடவினார். ஏதோ கேட்க வருகிறவர் போல வாயைத் திறந்தார். பிறகு, "காபி நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் ரசமட்டம் மொட்டைமாடிக்குப் போனார். துணிக்கொடியை அவிழ்த்து ஓரமாகச் சுருட்டி வைத்தார். கேமரா முக்காலியை நிறுத்தி, அதன் வயிற்றில் மணல் பையைத் தொங்கவிட்டார். எதிரே தூரத்தில் செங்கல் சுவர் வைத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் நடுவில் ஒரு பல் டாக்டரின் போர்டு, பெரிய கடைவாய்ப் பல் ஒன்று வரைந்தது. அந்தப் பல்லைத்தான் குறி வைத்தார். பழைய லென்ஸை மாட்டி, பின்பெட்டித் திரையில் பல் தெளிவாகும் வரை லென்ஸ் வளையத்தைத் திருப்பி, குமிழியைப் பார்த்து, தெருவில் லாரி ஏதும் வராத நேரம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று. பிறகு அதை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டி அதே பல், அதே வெளிச்சம், வெளிச்சம் நுழையும் துளையும் அதே அளவு, இன்னொன்று. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு லென்ஸுக்கு முன்னால் வெள்ளைத் தகட்டைப் பிடித்து மறுபடி ஒன்று. ஓரங்களில் ஏறும் நிறக்கறையைப் பிற்பாடு கழிப்பதற்கு. எதிலும் ஒரு துளி அவசரம் இல்லை. வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மனசில் ஓடியதுதான் வேடிக்கை. தன் லென்ஸ் தோற்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். தோற்றால் எல்லாப் பழியும் கண்ணாடியின் தலையில். இத்தனை வருஷம் சோறு போட்ட லென்ஸ் அது. ஜெயித்துவிட்டால்? அதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

கீழே வந்து கம்ப்யூட்டரில் இரண்டையும் முழு அளவில் பெரிதாக்கினார். நடுவில் பல் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது. சொத்தையே இல்லை. இடது ஓரத்துக்குப் போனார். பழையதில் கொஞ்சம் மங்கலோ என்று பட்டது, சத்தியம் செய்ய முடியாது. வலது ஓரத்துக்குப் போனதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புதிய லென்ஸில் ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாக, நடுவில் சிமெண்ட் கோட்டோடு நின்றது. பழையதில் செங்கலெல்லாம் தண்ணீரில் ஊறிய சோப்பு போலக் கரைந்து கிடந்தது. ஜன்னல் கம்பி ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

ரசமட்டத்துக்கு உச்சி குளிர்ந்தது. தன் பிள்ளை பரீட்சையில் ஃபெயிலானதற்கு எந்த அப்பாவும் இப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

"இங்க வா, இங்க வா! பாரு இதை!"

மனைவி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஆமா, இதுல செங்கல் தெரியுது. அதுல தெரியல."

"அதான்! அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப சின்னவர் கெட்டிக்காரர் இல்லையா?"

"கெட்டிக்காரத்தனம் பூரா கண்ணாடியில இருக்கு. யார் கையில கொடுத்தாலும் அது எடுக்கும்."

அன்றைக்கு அவர் கால் தரையில் பாவவில்லை. மாமியாருக்குத் தானாகவே போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பேச்சோடு பேச்சாக லென்ஸ் விஷயத்தையும் நுழைத்தார். பிறகு மாமனாரைக் கூப்பிடச் சொல்லி அவர் காதிலும் போட்டார். மாடிப்படிப் படத்தின் பெருமை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது குடும்பத்துக்கு விளங்கியிருக்கும் என்று நம்பினார்.

அதே சூட்டோடு சகலையின் லென்ஸை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார். எதிர்ப்பக்க மாடியிலிருந்து பார்த்தால் வரிசையாகத் தூண்கள், அவற்றின் மேலே ஒரே கோடாக ஓடும் கூரை. குமிழி நடுவில் நின்றது. பிளாட்பாரத்தில் ஆள் நடமாட்டம் ஓயும் வரை காத்திருந்தார். மனிதர்கள் குறுக்கே வந்து அசைந்து கெடுப்பது அவருக்கு ஆகாது. எல்லாரும் போன பிறகு, துடைத்து வைத்தது போன்ற ஒரு படம் எடுத்தார். இந்த மூலை முதல் அந்த மூலை வரை ஊசி முனை போலத் தெளிவு. மேடத்துக்கு அனுப்பினார். "ரொம்பத் தெளிவா இருக்கு. அவரோடதும் வரட்டும்" என்று பதில் வந்தது. முதல் வரியை மட்டும் அவர் திரும்பத் திரும்பப் படித்தார்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து துடைத்தார். துடைக்கும்போது கழுத்துத் திருகு கையோடு திரும்பியது. பதறிப்போய்த் திருப்பி வைத்தார். பூஜ்யத்துக்கு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு அங்கேயே நின்றுகொண்டது. நல்ல ஏற்பாடு என்று நினைத்தார். பழையதில் அந்த 'டக்' கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் கோட்டில் நிறுத்த வேண்டும். அதனால்தானே பையில் கிடக்கும்போது நகர்ந்துவிடக் கூடாது என்று டேப் போட்டு...

கை அப்படியே நின்றது.

பழைய லென்ஸை எடுத்து, நகத்தால் டேப்பின் முனையைக் கிளப்பி உரித்தார். பசை காய்ந்து நூல் நூலாக வந்தது. அடியில் இருந்த கோடு பூஜ்யத்தில் இல்லை. வலப்பக்கம் தள்ளி நின்றது. கழுத்துச் சுளுக்கிக்கொண்டவர் போல லென்ஸ் ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்போது நடந்தது என்று உடனே நினைவு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட நடைபாதைச் சுவர். அதற்காகக் கழுத்தைத் திருப்பினார். முடித்துவிட்டுத் திருப்பி வைக்கும்போது போன் வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே திருகி, பூஜ்யம் பத்திரமாக இருக்கட்டும் என்று டேப்பையும் ஒட்டினார். பத்திரமாகத்தான் இருந்தது, கோணல். அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கே இதற்குள் மறுபடி வெள்ளையடித்துவிட்டார்கள். அத்தனை நாளும் இந்த லென்ஸில் எடுத்த முகப்பெல்லாம் ஓரம் கரைந்துதான் வந்திருக்கிறது. சட்டைப்பையில் இருந்த ரசமட்டம் கேமரா நேராக நிற்கிறதா என்று சொல்லும். லென்ஸ் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது அதற்குத் தெரியாது. தெளிவைச் சோதிக்கும்போதெல்லாம் அவர் நடுவில் மட்டும் பார்ப்பார். நடு எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி மொட்டைமாடிக்குப் போனார். கோட்டை நேராக்கி, அதே பல்லைக் குறி வைத்து எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். வலது ஓரத்தில் எல்லாச் செங்கலும் வந்து சேர்ந்திருந்தது. ஜன்னல் கம்பி ஒன்றாகிவிட்டது. புதிய லென்ஸ் கொஞ்சம் நல்லதுதான். பின்பெட்டியைக் கடைசி வரை நகர்த்தினால் பழையதில் மூலை இருண்டது, புதியதில் இருளவில்லை. கம்பி ஓரத்தில் பழையதில் ஊதா நிற நூல் ஒன்று தெரிந்தது. திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினால் கிடைக்கிற வித்தியாசம், அவ்வளவுதான். யார் கண்ணையும் அது நிறுத்தாது, வழுக்கவும் வைக்காது.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். சிரித்தால் தங்கைக்குப் போன் போவது நிச்சயம். குடும்பம் முழுக்கத் தம்பட்டம் அடித்த லென்ஸ் கதை என்ன ஆவது? ரசமட்டம் என்கிற பெயர்தான் என்ன ஆவது? இதில் இன்னொன்றையும் கண்டுகொண்டார். பொறாமைக்குச் சொல்லி வைத்திருந்த காரணம் போய்விட்டது, பொறாமை மட்டும் போகவில்லை, இருந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒன்றைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஸ்டேஷன் படம் கோணாத லென்ஸில் எடுத்தது. இந்தத் தடவை சரிக்குச் சரி. பார்க்கலாம்.

மத்தியானம் சின்னவர் வந்தார், தோளில் லேப்டாப் பையோடு. லென்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டவரின் பார்வை மேஜைமேல் இருந்த பழைய லென்ஸுக்குப் போனது.

"அட, டேப்பை எடுத்துட்டீங்களா?"

"ம்."

"அதை ஏன் ஒட்டி வச்சிருக்கீங்கன்னு ரொம்ப நாளா கேக்கணும்னு நினைப்பேன்."

"கேட்டிருக்கலாமே."

"நீங்க ரசமட்டம்ணே! உங்ககிட்ட போய் இதைக் கேப்பேனா? ஏதோ விஷயம் இல்லாம ஒட்டியிருக்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன்."

கிண்டல் செய்கிறானா என்று ரசமட்டம் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்டேஷன் எடுத்துட்டேன்" என்று சின்னவர் லேப்டாப்பைத் திறந்தார். "இன்னும் அனுப்பல. நீங்க ஒரு தடவை நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லிட்டா அனுப்பிடுவேன். எனக்கு அதுல எப்பவும் சந்தேகம்தான்."

"லென்ஸ் எங்கிட்ட இருந்துதே, எதுல எடுத்தீங்க?"

"வாடகைக்கு ஒண்ணு கிடைச்சுது. உங்க லென்ஸ் மாடலேதான். முன்கண்ணாடியில ஒரு கீறல் வேற. பரவால்ல, வேலை செஞ்சுது."

படம் திரையில் வந்தது.

அதே மாடி. ஏறக்குறைய ரசமட்டம் முக்காலி போட்ட அதே இடம். அதே தூண்கள், அதே கூரைக் கோடு. ஆனால் தூண்களின் நிழல் பிளாட்பாரத்தில் படுத்துக்கொள்ளும் வரை இந்த ஆள் காத்திருந்திருக்கிறார். ரயில் அப்போதுதான் போயிருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு, துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒரே ஒரு துப்புரவுத் தொழிலாளி நின்று, தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்க்கிறார். தினமும் கீழே மட்டும் பார்த்துப் பெருக்கியவர் இன்றைக்குத்தான் முதல் தடவையாக மேலே பார்ப்பது போல. அவர் பார்க்கிற இடத்தை நாமும் பார்க்கிறோம். தூணின் மேல் ஏறி, கூரை வழியாகப் போய், மறுபடி அவரிடமே திரும்பி வருகிறோம்.

கண் நின்றது. ரசமட்டத்தின் கண்தான்.

பெரிதாக்கச் சொன்னார். ஒவ்வொரு மூலையாகக் குறை தேடினார். ஊதா நூல் இருந்தது, கீறலால் ஓரிடத்தில் சின்ன வெளிறல் இருந்தது. இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். தான் துடைத்து வைத்தது போல எடுத்த படம் நினைவுக்கு வந்தது. யாரும் வரக்கூடாது என்று காத்திருந்து எடுத்தது. அதற்கும் வீடு விற்பனை விளம்பரத்துக்கும் என்ன வித்தியாசம்? புத்தகம் போய்விட்டது. மேடம் போய்விட்டார். வயிற்றில் பற்றிக்கொண்டது மேலே ஏறி வாய் வரைக்கும் வந்தது.

"கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றார்.

படம் மயிரிழை சாயவில்லை. நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

"அப்படியா? எந்தப் பக்கம்ணே?"

"வலது பக்கம். இறங்கியிருக்கு."

சின்னவர் மறுபேச்சுப் பேசவில்லை. படத்தைக் கொஞ்சம் சுழற்றினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் சுழற்றினார். இப்போது தூண்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இடது பக்கம் சாய்ந்தன. கூரைக்கும் திரையின் விளிம்புக்கும் நடுவில் ஆப்பு போல ஓர் இடைவெளி விழுந்தது. "எனக்கு ஏதோ மாதிரி இருக்கு" என்று சின்னவர் தலையைச் சொறிந்தார். "ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." மேடத்தின் முகவரியைப் போட்டு, படத்தை இணைத்து, அனுப்பும் பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனார்.

ரசமட்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அனுப்பட்டும். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும். அந்த ஆப்பு அவர் முதுகில் ஏறியது. கழுத்தில் அரித்தது. துப்புரவுத் தொழிலாளி நிமிர்ந்து பார்க்கிறார், அவர் பார்க்கிற கூரை கோணலாக இருக்கிறது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், அங்கிருந்த சின்னக் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டது. பொறாமைக்கு எல்லாவற்றையும் தாங்க முடிந்தது, இது ஒன்றைத் தவிர.

"இருங்க! இருங்க!"

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக அழித்தார். தூண்கள் எழுந்து நின்றன. கூரை போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

"முதல்ல இருந்ததுதான் சரி. நேராத்தான் இருந்துச்சு."

"சாஞ்சிருக்குன்னு சொன்னீங்களே?"

"சாயல. சும்மா சொன்னேன்."

சின்னவர் அவரையே பார்த்தார். புரிந்ததோ புரியவில்லையோ தெரியவில்லை. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ரசமட்டமே, "அனுப்புங்க, அனுப்புங்க" என்றார். சின்னவர் தயங்கினார். ரசமட்டம் கையை நீட்டிப் பொத்தானைத் தானே அழுத்தினார்.

சகலை போன பிறகு மனைவி வந்து காபி டம்ளர்களை எடுத்தார். "சின்னவர் படம் எப்படி இருந்துச்சு?"

"நேரா இருந்துச்சு."

"அதையா கேட்டேன்? நல்லா இருந்துச்சா?"

அவர் பழைய லென்ஸை எடுத்துத் துணியில் சுற்றினார். பிறகு பிரித்தார். மறுபடி சுற்றினார். "ஸ்டேஷன் அவருக்குத்தான்" என்றார். முதுகுக்குப் பின்னால் சகலையை 'அவர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவி அதைக் கவனித்துக்கொண்டே டம்ளர்களோடு உள்ளே போனார்.

வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. அந்தப் படம் அச்சாகி மாமனார் வீட்டு ஹாலுக்கும் வரும். மாடிப்படிக்குப் பக்கத்தில் பெரிதாக மாட்டுவார்கள். வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வார். அதையெல்லாம்கூட எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். அதையும் அந்த மனுஷர் கோணலாகத்தான் மாட்டி வைப்பார் என்று நினைத்தபோதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.